‘தெரியாதவை’ நோட்டின் கடைசிப் பக்கம்

எந்தத் தந்தி வந்தாலும் முதலில் நான் பார்ப்பது அது எந்த ஆபீசில், எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதைத்தான். முப்பத்திரண்டு வருடம் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்தவனின் புத்தி அது. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெரியகுளத்தில் என் வீட்டு வாசலில் தந்திச் சேவகர் வந்து நின்றபோதும் அப்படித்தான் பார்த்தேன். கொடுத்த இடம் தேனி. நேரம் ஏழு ஐம்பது. முத்திரை சரியாக விழுந்திருந்தது. இத்தனையும் பார்த்து முடித்த பிறகுதான் நடுவில் இருந்த செய்தி கண்ணில் பட்டது. ஞானதுரை காலமானார், அடக்கம் மாலை நான்கு மணி, எஸ்தர்.

அப்போதும் நான் நம்பவில்லை. பொய்த் தந்திகள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. லீவுக்காகப் பெற்ற தாயைச் சாகடித்தவர்கள் உண்டு. யாரோ விளையாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினேன். தேனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் வாங்கிய பிறகு எனக்கு அழுகை வந்தது.

இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கிற கடைவீதி நண்பர்களுக்கு ஞானதுரை அண்ணாச்சியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தேனியில் கல்யாணம் செய்த பாதிப் பேர் வீட்டில் அவர் கடைப் பாத்திரம் இருக்கும். பாத்திரத்தில் பெயர் வெட்ட அவர் ஆள் வைத்துக்கொண்டதில்லை. தரையில் சம்மணம் போட்டு, குடத்தை மடியில் சாய்த்து, சின்ன உளியால் புள்ளி புள்ளியாக அவரே வெட்டுவார். அன்பளிப்புப் பாத்திரம் வாங்க வருகிறவர்களிடம் ஒரே பிடிவாதம். “குடுக்குறவுக பேரு இல்லாம ஒரு தம்ளர்கூட இந்தக் கடைய விட்டு வெளிய போகக்கூடாது. நாளைக்கி எடுத்துப் பாக்குறவுகளுக்கு இது யாரு குடுத்ததுன்னு தெரிய வேணாமா?” என்பார். பெயர் வேண்டாம், அவசரம் என்று யாராவது சொன்னால் பாத்திரத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார். வியாபாரத்துக்கு ஆகாத குணம் என்று மற்ற கடைக்காரர்கள் சிரிப்பார்கள்.

நான் அவரை அறிந்தது பாத்திரத்தின் வழியாக அல்ல, சந்தேகத்தின் வழியாக. அறுபதுகளின் நடுவில் நான் தேனிக்கு மாற்றலாகி வந்தேன். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் தபால் ஆபீசில் லைசென்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து புதுப்பிக்க வேண்டும். அந்தக் கவுண்ட்டர் என்னுடையது. அண்ணாச்சியின் லைசென்ஸ் நம்பர் இன்றும் எனக்கு மனப்பாடம். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும்.

தபால் பிரிக்கும்போது அவர் பெயருக்கு வந்த உறைகளைப் பார்த்துத்தான் எனக்கு மூக்கு வியர்த்தது. மாஸ்கோ, ஹாலந்து, ஜப்பான், எந்தத் திசை என்றே எனக்குத் தெரியாத ஈக்வடார். தேனியில் குடமும் குத்துவிளக்கும் விற்கிற மனிதருக்கு ஈக்வடாரில் யார் சொந்தம்? உறைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். உள்ளே ஒரு தடித்த அட்டை இருப்பது மட்டும் தெரியும். “இட்லியில ஓட்டை இருந்தாக்கூட யாரு குத்துனதுன்னு கேப்பீக” என்று என் மனைவி என்னைக் கேலி செய்வாள். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் லைசென்ஸ் சரிபார்க்கிற சாக்கில் கடைக்குப் போய்விட்டேன்.

கல்லாவுக்கு மேலே இரண்டு சுவர்க் கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. ஒன்று மதியம் ஒன்றரை காட்டியது. மற்றது எட்டு.

“அண்ணாச்சி, அந்தக் கடிகாரம் தப்பா ஓடுது” என்றேன்.

“தப்பில்ல சார். ஒண்ணு நமக்கு. இன்னொண்ணு காத்துக்கு.”

உலகத்து வானொலிக்காரர்கள் எல்லாம் லண்டன் பக்கத்து ஜி.எம்.டி. நேரத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள், அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பிந்தியது என்று பொறுமையாக விளக்கினார். பிறகு ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அட்டைகளையெல்லாம் எடுத்துக் கல்லாவின் மேல் பரப்பினார். எந்த நாளில், எந்த நேரத்தில், என்ன கேட்டோம் என்று நிலையத்துக்கு எழுதிப் போட்டால், அவர்கள் தங்கள் குறிப்போடு ஒத்துப்பார்த்து, ‘தாங்கள் கேட்டது எங்கள் ஒலிபரப்பைத்தான் என்று உறுதி செய்கிறோம்’ என்று அட்டை அனுப்புவார்கள். அதுதான் அந்த உறைகள்.

“இத வாங்கி என்ன அண்ணாச்சி செய்யப் போறீக?”

“நான் கேட்டேன்னு நான் சொன்னா போதுமா? அனுப்புனவுகளும் ஆமான்னு சொல்லணும்ல.”

பதில் நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே என் சந்தேகம் கூடியது. குற்றமில்லாதவன் எதற்கு இவ்வளவு தயாராகப் பதில் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே ஆபீசுக்குத் திரும்பினேன்.

வேவு பார்க்கப் போனவன் ரசிகனாகிவிட்டேன். கடையின் பின்கட்டில், பாத்திரம் கட்டி வந்த வைக்கோல் குவியலுக்கு நடுவே அந்த செட் இருந்தது. மேகமலை எஸ்டேட்டை விட்டுச் சொந்த நாட்டுக்குப் போன ஒரு துரை விற்றுவிட்டுப் போன எட்டு வால்வு பெட்டி. கூரையிலிருந்து பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் செம்புக் கம்பி ஏரியல். மாலை ஐந்தரைக்கு, அவருடைய காற்றுக் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கிறபோது, என் ஆபீஸ் முடியும். நேரே அங்கே போய்விடுவேன். சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்க இறங்க, அதுவரை வெறும் இரைச்சலாக இருந்த சிற்றலை வரிசையில் ஒவ்வொரு நாடாக முளைக்கும்.

மற்றவர்கள் பாட்டுக்கும் செய்திக்கும் முள்ளைத் திருப்புவார்கள். அண்ணாச்சி அவற்றைத் தாண்டிப் போவார். நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையில், பெயர் சொல்லாமல் வருகிற சத்தங்கள்தான் அவருக்கு வேண்டும். அவரிடம் மூன்று நோட்டுகள் உண்டு. ‘தெரிந்தவை’, ‘சந்தேகம்’, ‘தெரியாதவை’. மூன்றாவதுதான் தடிமன். அதில் இருப்பவர்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். தறி ஓடுவது போல் தட்டிக்கொண்டே இருப்பவன் ‘நெசவாளி’. அரை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரு விசில் கொடுத்துவிட்டு அடங்குகிறவன் ‘கூர்க்கா’. எல்லோரையும்விட எனக்குப் பயம் கொடுத்தது ‘கணக்கு டீச்சர்’. முதலில் ஐஸ் வண்டி மணி போல நாலைந்து சுரம் வரும். பிறகு ஒரு பெண் குரல், ஏதோ ஐரோப்பிய பாஷையில், ஐந்தைந்து எண்களாக வாசித்துக்கொண்டே போகும். கோபம் கிடையாது, சிரிப்பு கிடையாது. பத்து நிமிடம் வாசித்துவிட்டு நின்றுவிடும். பாஷை தெரியாவிட்டாலும் ஒன்று முதல் பத்து வரைக்கும் எப்படியோ கற்றுக்கொண்டு, அத்தனை எண்களையும் அண்ணாச்சி நோட்டில் எழுதுவார்.

“யாருக்கு அண்ணாச்சி இத வாசிக்கிறாக?”

“எவனோ ஒருத்தன் எங்கனயோ உக்காந்து எழுதுறான். அவனுக்கு மட்டுந்தான் அர்த்தம் தெரியும். நமக்குச் சத்தம் மட்டும்.”

“அப்ப ஒற்றர் வேலதான்.”

“இருக்கும். இல்லாமலும் இருக்கும். அனுப்புனவுக ஆமான்னு சொல்ற வரைக்கும் அது தெரியாததுதான் வேலு. நம்மளா முடிவு கட்டக்கூடாது.”

எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும், அட்டை வராமல் எதையும் அவர் ‘தெரிந்தவை’ நோட்டுக்கு மாற்ற மாட்டார். என் சுபாவம் அதற்கு நேர் எதிர். ஒரு நூல் கிடைத்தால் போதும், நான் வேட்டியே நெய்துவிடுவேன்.

பிறகு எழுபத்தொன்றில், கிழக்கு வங்காளத்தில் யுத்தம் வந்தது. ஊரில் ராத்திரி விளக்குக்குத் திரை போட்டார்கள். கடைவீதி முழுக்க ஒற்றர் பேச்சு. பிச்சைக்காரனைப் பிடித்து உட்காரவைத்து விசாரித்தார்கள். அந்த வாரத்தில் ஒரு மாலை, அண்ணாச்சி காபி வாங்கிவரப் போன நேரத்தில், ‘தெரியாதவை’ நோட்டைப் புரட்டினேன். ஐந்தைந்து எண்களாக நிரம்பிய ஒரு பக்கத்தின் தலைப்பில் ‘வைகை அணை’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே, ‘வே.சா. உடன்’.

வே.சா. என்பது நான். வேலுச்சாமி.

அது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு முந்தைய தைப்பொங்கல் லீவில் இரண்டு பேரும் குடும்பத்தோடு வைகை அணைக்குப் போயிருந்தோம். பூங்காப் புல்லில் சின்ன டிரான்சிஸ்டரை வைத்து, புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே கணக்கு டீச்சரைக் கேட்டோம். எங்கே, யாரோடு கேட்டோம் என்று எழுதிவைப்பது அவர் வழக்கம். எல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தை ஒரு போலீஸ்காரர் எப்படிப் படிப்பார் என்று என் புத்தி ஓடியது. அணை, இரகசிய எண்கள், கூட ஒரு தபால் ஆபீஸ்காரன். என் வேலை, என் பென்ஷன், என் மூன்று பிள்ளைகள். அதற்குப் பிறகு இன்னொரு எண்ணம் மெதுவாக வந்து உட்கார்ந்தது. ஒருவேளை உண்மையாகவே இருந்தால்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியகுளத்துக்கு பஸ் ஏறி, அங்கே ஒரு தெருமுனைத் தபால் பெட்டியில் போலீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன். இடது கையால் எழுதியது. பாத்திரக்கடை விலாசம், தப்பான நேரம் காட்டும் கடிகாரம், எண்கள் எழுதிய நோட்டு, அணையின் பெயர், வெளிநாட்டு உறைகள். ஆபீஸ் பழக்கம், மனுவில் விவரம் குறையக்கூடாது என்று லைசென்ஸ் நம்பரையும் சேர்த்தேன். வே.சா. பற்றி மட்டும் எழுதவில்லை. யாராவது பிடிபட்டால் அது முதலில் அவராக இருக்கட்டும் என்பதுதான் என் கணக்கு. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். மூட வேண்டாம் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

பத்து நாள் கழித்துப் பட்டப்பகலில் ஜீப் வந்து கடை முன்னால் நின்றது. செட், மூன்று நோட்டுகள், பிஸ்கட் டின், காற்றுக் கடிகாரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏரியல் கம்பியைச் சுருட்டும்போது வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. நான் தபால் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே அந்தக் கடைக்கு ‘ஸ்பை கடை’ என்று பெயர் விழுந்தது. அடுத்து வந்த தை முகூர்த்தத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க ஒருவரும் உள்ளே ஏறவில்லை. அண்ணாச்சியின் மகள் எஸ்தருக்குப் போடியில் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்து, சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதலில் தள்ளிப்போடலாம் என்றார்கள். பிறகு பதிலே சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து எஸ்தருக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. அதனால் அந்த மூன்று வருடம் இல்லையென்று ஆகிவிடாது.

வாரம் ஒருமுறை பெரியகுளத்தில் விசாரணை. முதல் தடவை கூப்பிட்டபோது அண்ணாச்சி நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“நீ கூட வாப்பா. தபால் ஆபீஸ் ஆளு ஒருத்தரு பக்கத்துல இருந்தா அவுகளும் மரியாதையாப் பேசுவாக.”

போனேன். எட்டு வாரம் போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஜன்னலோரம் எனக்கு விடுவார். வடுகபட்டி பக்கம் பஸ் நிற்கும்போது வெள்ளரிப் பிஞ்சு வாங்கிப் பாதி எனக்குக் கொடுப்பார். வாயில் வைக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். உள்ளே அவரை மட்டும் கூப்பிடுவார்கள். நான் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் வெளியே வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“யாரோ பெட்டிசன் போட்டிருக்காக வேலு. வாசிச்சு, கண்ணுலயும் காட்டுனாக. கையெழுத்துத்தான் சரியில்ல. விவரமெல்லாம் சுத்தமா எழுதியிருக்காக.”

“யாருன்னு கேட்டாகளா?”

“கேட்டாக. தெரியலைன்னு சொன்னேன்.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. காட்டிக்கொடுத்த ஒருவனை யாராவது ‘எழுதியிருக்காக’ என்று மரியாதையாகச் சொல்வார்களா? ‘எந்தப் பயலோ’ என்றல்லவா வரும். ஒருவேளை அது அவர் இயல்பு. அவர் நாய்க்குட்டியையும் ‘வாங்க’ என்று கூப்பிடுகிறவர். ஒருவேளை வேறு காரணம். கடந்த பதினேழு வருடமாக அந்த ஒரு சொல்லை நான் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

ஒன்றும் இல்லை என்று முடிவாகி, எட்டு மாதம் கழித்து செட்டும் கடிகாரமும் திரும்பி வந்தன. நோட்டுகளும் அட்டைகளும் வரவில்லை. எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி கவலையைக் காட்டிக்கொள்ளவில்லை. “போனது போகட்டும். காத்து காலியாகலையே” என்றார். எடுத்துப் போனவர்களில் யாரோ ஒரு நல்லவர், பாவம், அந்தக் கடிகாரத்தை நம் நேரத்துக்குத் திருத்திவைத்திருந்தார். அண்ணாச்சி ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளை ஐந்தரை மணி நேரம் பின்னால் திருப்பினார். இறங்கி, புதிதாக ஒரு தடித்த அட்டை நோட்டை எடுத்து, மேலே ‘தெரியாதவை’ என்று எழுதினார். “ஒங்க டீச்சர் எங்கன இருக்காகன்னு பாப்பமா?” என்று என்னைக் கேட்டார்.

அதற்கடுத்த வருடம் ஒரு புது ஆசாமி வந்தான். விடிகாலை ஐந்தே முக்காலுக்குச் சிற்றலை முழுவதும் கரகரவென்று அறுத்துக்கொண்டு கிளம்புவான். ஏழு மணிக்கு அடங்கிவிடுவான். சில நாள் வரமாட்டான். இவ்வளவு பலமாக வருகிறவன் பக்கத்தில்தான் இருக்கவேண்டும், ரகசிய டிரான்ஸ்மிட்டர்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். அண்ணாச்சி புதிதாகத் தொடங்கிய ‘சந்தேகம்’ நோட்டில்கூட எழுதவில்லை. ஒரு வாரம், விடியும் முன்பே டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சைக்கிளில் அலைந்தோம். பெட்டியைத் திருப்பித் திருப்பி, எந்தப் பக்கம் சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கம் போவது. கடைசியில் வீரபாண்டிக்கு அப்பால் ஒரு வாழைத் தோப்பில் போய் நின்றோம். பெட்டி காது கிழியக் கத்தியது. தலைக்கு மேலே மின்கம்பத்தில் யாரோ போட்டிருந்த கொக்கிக் கம்பி, காற்றில் ஆடி ஆடிப் பொறி விட்டுக்கொண்டிருந்தது. அதன் மறுமுனையில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது.

தோப்புக்காரர் மம்பட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கையில் கத்துகிற பெட்டியோடு வெள்ளைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர். என்ன நினைப்பார்?

“ஐயா, கரண்டாபீஸ் ஐயாக்களா? இன்னைக்கி ஒரு நாத்தான் போட்டேன். ஆத்தா சத்தியமா, இதுக்கு முன்ன இந்தக் கொக்கிய நான் தொட்டதே இல்ல.”

“ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டு இருக்கோமே” என்று நான் வாயை விட்டுவிட்டேன்.

“கேட்டீகளா? கரண்டு களவு போறது கேக்குமா ஐயா?” அவருக்கு வேர்த்துக் கொட்டியது. இரண்டு தார் வாழைக்காயைக் கொண்டுவந்து சைக்கிளில் கட்டப் பார்த்தார்.

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே தாரைக் கீழே இறக்கி வைத்தார். “நாங்க ஆபீசரு இல்ல. கொக்கிய எடுத்துருங்க, பொறி விழுந்து சருகு பத்திக்கிரும்.” திரும்பும் வழியில், இதை மின்சார ஆபீசில் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டேன். அவர் சைக்கிளை நிறுத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. “நம்ம கேக்குறவுக வேலு. காட்டிக் குடுக்குறவுக இல்ல” என்றார்.

செயின் கழன்றுவிட்டது என்று பொய் சொல்லி இறங்கி, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே நடந்தேன். அவர் ‘நம்ம’ என்று என்னையும் சேர்த்துச் சொன்னாரே, அது வெள்ளை மனசா, ஊசியா?

என் மூத்த மகள் கல்யாணத்துக்குப் பெரிய பித்தளை அண்டா ஒன்று கொடுத்தார். அவரே வெட்டிய எழுத்து, ‘அன்பளிப்பு: ஞானதுரை - ரூபி, தேனி’. “பேரப் பாத்துக்க. யாரு குடுத்ததுன்னு நாளைக்கிச் சந்தேகம் வரக்கூடாது” என்று என் தோளைத் தட்டினார். இதுவும் அவர் எல்லோரிடமும் சொல்வதுதான். எனக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. ஒரு மனிதர் வாயைத் திறக்கும்போதெல்லாம் உள்ளர்த்தம் தேடுகிற வியாதி எனக்கு வந்துவிட்டது. கணக்கு டீச்சரின் எண்களைக் கேட்பது போல நான் என் நண்பரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தடவை சொல்ல முயன்றேன். லைசென்ஸ் முறையையே எடுத்துவிட்டார்கள் என்று உத்தரவு வந்த சமயம். அவருடைய பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, அந்தப் பெட்டிசன்...” என்று ஆரம்பித்தேன். சரியாக அந்த நேரத்தில் பெட்டியில் தையல் மிஷின் ஓடுவது போல் ஒரு படபடப்பு கிளம்பியது. அந்த வருடங்களில் உலகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த, யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு சத்தம். அவர் கையை உயர்த்தினார். “இருப்பா, டெய்லரு வந்துட்டாக.” ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அரை மணி நேரம் கழற்றவில்லை. நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுபடி அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடக்கத்தன்று கடைவீதி முழுவதும் அடைத்திருந்தது. முன்பு ‘ஸ்பை கடை’ என்று சொன்னவர்கள்தான் முன்னால் நின்று தூக்கினார்கள். ரூபி மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக. அஞ்சரைக்கு வேலு வருவான், செட்ட ஆன் பண்ணி வைங்கன்னாக” என்று அழுதார். நான் பெரியகுளத்துக்குக் குடிபோய் மூன்று வருடம் ஆகிவிட்டதை அண்ணாச்சி கடைசி வாரத்தில் மறந்திருந்தார்.

ஒரு வாரம் கழித்து எஸ்தர் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். கடையின் பின்கட்டில் உட்காரவைத்து, காபி கொடுத்து, அந்தத் தடித்த நோட்டை என் முன்னால் வைத்தாள். காற்றுக் கடிகாரத்தையும் கழற்றிப் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தாள்.

“ரெண்டும் ஒங்களுக்குத்தான்னு அப்பா சொன்னாக சித்தப்பா. அப்பறம், நினைவு மலரு போடுறோம். நீங்க எழுதித் தரணும்.”

“நான் என்னத்தம்மா எழுத?”

“நோட்ட நானும் பாத்தேன். நீங்களும் வீட்டுல போயி நிதானமாப் பாருங்க. பாத்துட்டு எழுதுங்க.”

அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று தேடினேன். என் பழக்கம் அது. ஒன்றும் பிடிபடவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பதிவு. மை நிறத்தைப் பார்த்தால் நோட்டைத் தொடங்கிய அன்றே எழுதியது. மற்றச் சத்தங்களுக்கு எழுதுகிற அதே வரிசையில் எழுதியிருக்கிறார். முதல் விசாரணையின் தேதி. நேரம் ஜி.எம்.டி. ஐந்து பத்து. இடம், பெரியகுளம், ‘வே.சா. உடன், அவர் வெளியே’. மொழி, தமிழ். வலிமை, அதிகம். தெளிவு, குறைவு; வலது கைக்காரர் இடது கையால் எழுதியது. பிறகு இந்த வரிகள்: ‘எல்லாவற்றோடும் என் லைசென்ஸ் நம்பர். அது எனக்கே ஞாபகம் இல்லாதது. புத்தகம் பார்க்காமல் அதைச் சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவர்தான். பயந்திருப்பார். உறுதி அட்டை: நான் கேட்டு எழுதப் போவதில்லை. தானாக வந்தால் வரட்டும்.’

முதல் நாளே தெரிந்திருக்கிறது. எட்டு வாரம் ஜன்னலோரத்தை எனக்கு விட்டது தெரிந்துதான். வெள்ளரிப் பிஞ்சில் பாதி கொடுத்தது தெரிந்துதான். இத்தனை வருடம் பக்கத்தில் உட்காரவைத்து, முள்ளைத் திருப்பித் திருப்பி, இந்த ஒரு நிலையம் வாயைத் திறக்குமா என்று காத்திருந்திருக்கிறார். ஆனாலும் என்னை ‘தெரிந்தவை’ நோட்டுக்கு மாற்றவில்லை. அனுப்பியவன் ஆமாம் என்று சொல்கிற வரைக்கும் அது தெரியாததுதான் என்ற தன் விதியை எனக்காகக்கூட அவர் தளர்த்தவில்லை. உலகத்தையே சந்தேகப்பட்ட நான், சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஒரு மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைக் காணாமல் இருந்திருக்கிறேன். அண்ணாச்சி, அந்த அரை மணி நேரம் நீங்கள் ஹெட்போனைக் கழற்றியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். இல்லை, சொல்லியிருக்க மாட்டேன். உங்களுக்கு அதுவும் தெரிந்திருக்கும்.

அவருடைய பொருளில் என்னிடம் இருப்பது அந்தக் கடிகாரம். பெரியகுளத்தில் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் தப்பாக ஓடுகிறது என்கிறார்கள். நான் திருத்துவதில்லை. இதை எழுதி முடிக்கும்போது நம் நேரம் மாலை ஐந்தரை, அதில் பன்னிரண்டு. நினைவு மலரில் இப்படி எழுதுவார்களா என்று எனக்குத் தெரியாது. எஸ்தர் இதற்காகத்தான் என்னிடம் கேட்டாள் என்று மட்டும் நினைக்கிறேன்.

அன்புள்ள நேயர் திரு. ஞானதுரை அவர்களுக்கு, தங்கள் அறிக்கை கிடைத்தது. தேதி, நேரம், விவரம் அனைத்தும் எங்கள் குறிப்போடு ஒத்துப்போகின்றன. தாங்கள் கேட்டது என்னைத்தான் என்று உறுதி செய்கிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இனி இதைத் தாங்கள் ‘தெரிந்தவை’ நோட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அனுப்புநர்: வேலுச்சாமி, தேனி தபால் ஆபீஸ்.